ஃபடீக் டெஸ்ட்: 20 ஹெர்ட்ஸா, 100 ஹெர்ட்ஸா, 20,000 ஹெர்ட்ஸா?

ஃபடீக் டெஸ்ட் என்றால் உலோகத்தில் மீண்டும் மீண்டும் சுமை ஏற்றி இறக்கி, எத்தனை சுற்றில் உடைகிறது என்று பார்ப்பது; ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை சுற்று. இதற்கு எந்த மெஷின், எவ்வளவு வேகம் என்ற ஒரே கேள்வியை சமீபத்தில் மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். முதலாமவர் கோயம்புத்தூரில் அலுமினிய வார்ப்பு செய்பவர். அவருடைய வாடிக்கையாளர் ஒரு பிராக்கெட்டுக்கு 1 கோடி சுற்று தாங்கும் என்று ஃபடீக் ரிப்போர்ட் கேட்கிறார். வெளியே டெஸ்ட்டுக்குக் கொடுப்பதா, சொந்தமாக மெஷின் வாங்குவதா, வாங்கினால் எந்த மெஷின் என்பது அவர் கேள்வி. இரண்டாமவர் வால்வு ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் பெண். 1 கோடி சுற்றில் எல்லாம் தேறிய கம்பியில் செய்த ஸ்பிரிங் வண்டியில் போய் உடைந்து திரும்பி வந்திருக்கிறது. மூன்றாமவர் வெல்டிங் இணைப்பில் விரிசல் வளர்வதைப் பற்றி முனைவர் பட்டம் செய்யும் மாணவர். அவர் துறைக்கு 20 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசோனிக் மெஷின் வாங்க நிதி வந்திருக்கிறது, அதை வைத்தே எல்லாவற்றையும் முடித்துவிடலாமா என்கிறார்.

மூவருமே வேகத்தில்தான் ஆரம்பித்தார்கள். நானும் இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படித்தான் யோசித்தேன், அதனால் அது எவ்வளவு இயல்பான தவறு என்று தெரியும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: வேகத்தைக் கூட்டினால் உங்கள் உலோகம் உடையும் விதம் மாறுமா, மாறாதா? மாறாது என்றால் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் ஓட்டுங்கள். மாறும் என்றால், வேகமாகக் கிடைத்த எண் உங்கள் பாகத்தைப் பற்றிய எண்ணே கிடையாது.

## மெஷினைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியவை

பாகம் தன் வாழ்நாளில் எத்தனை சுற்று பார்க்கும்? 1 கோடி என்பது பழக்கத்தில் வந்த எண். எஃகு ஒரு தகைவில் (பரப்பளவுக்கு இவ்வளவு என்று விழும் விசை) 1 கோடி சுற்று தாங்கிவிட்டால் அதற்குக் கீழான தகைவில் எப்போதும் உடையாது என்று நீண்ட காலம் நம்பினார்கள், பாடப்புத்தகங்களும் அப்படியே சொல்லின. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் வால்வு ஸ்பிரிங் நொடிக்கு 25 முறை அமுங்குகிறது. 1 கோடி சுற்று 111 மணி நேரத்தில் முடிந்துவிடும். சராசரி 50 கி.மீ. வேகத்தில் இரண்டரை லட்சம் கி.மீ. ஓடும் கார் 5,000 மணி நேரம் ஓடுகிறது, அந்த ஸ்பிரிங் 45 கோடி சுற்று பார்க்கிறது.

இதன் விலை என்ன என்று உணர எஷெட விபத்தை நினைத்தால் போதும். 1998 ஜூன் 3 அன்று ஜெர்மனியில் அதிவேக ரயில் ஒன்றின் சக்கரப் பட்டை உடைந்தது, 101 பேர் இறந்தார்கள். அந்தச் சக்கரம் அதுவரை சுமார் 18 லட்சம் கி.மீ. ஓடியிருந்தது. 90 செ.மீ. அளவு விட்டமுள்ள சக்கரத்துக்கு அது 60 கோடிச் சுழற்சிக்கு மேல். விரிசல் தொடங்கியது பட்டையின் உட்பக்கத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில். 1 கோடியோடு நின்றுவிடும் சோதனை இப்படிப்பட்ட பாகத்தின் வாழ்நாளில் அறுபதில் ஒரு பங்கைக்கூடத் தொடாது.

விரிசல் எங்கே தொடங்கும்? மென்மையான எஃகில் பெரும்பாலும் மேற்பரப்பில். கடினமான எஃகில், அதாவது பேரிங் எஃகு, ஸ்பிரிங் எஃகு, கார்புரைஸ் செய்த (மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்கிய) கியர் போன்றவற்றில், சுற்று எண்ணிக்கை ஏற ஏற அது உள்ளே போய்விடுகிறது. அலுமினாவோ டைட்டானியம் நைட்ரைடோ, ஏதோ ஒரு கசடுத் துகளைச் சுற்றி வட்டமாக வளர்ந்து, உடைந்த முகத்தைப் பார்த்தால் மீன் கண் மாதிரி இருக்கும். பெயரே மீன்கண் முறிவுதான்.

காலம் தேவைப்படும் சேதம் உண்டா? உப்புத் தண்ணீர், ஈரம், சூடு எல்லாம் இதில் சேரும். இவை ஒவ்வொரு சுற்றிலும் விரிசல் நுனியில் வேலை செய்ய நேரம் வேண்டும். வேகமாக ஓட்டினால் அந்த நேரத்தைப் பறித்துவிடுகிறீர்கள்.

சுமையின் வடிவம் என்ன? இழுத்து அமுக்குவதா, இழுப்பு மட்டுமா, மேலே நிலையான சுமை உண்டா, ரோட்டில் போகிற வண்டி மாதிரி ஒழுங்கில்லாததா? குறைந்தபட்சத் தகைவை அதிகபட்சத் தகைவால் வகுத்தால் வருவதை ஆர் விகிதம் என்பார்கள். அது மைனஸ் 1 ஆ, 0.1 ஆ, 0.7 ஆ என்பது தெரியாமல் எந்த மெஷினையும் தேர்ந்தெடுக்க முடியாது.

கடைசியாகப் பணம், அப்புறம் ஏற்பு. மெஷின் விலை மட்டும் பணம் இல்லை. ஸ்பெசிமன் (சோதனைக்கான மாதிரித் துண்டு) செய்யும் கூலி, மின்சாரம், எண்ணெய், ஆள், அறை எல்லாம் உண்டு. ரிப்போர்ட்டை யார் படிக்கப் போகிறார், அவர் எந்தத் தரநிலையைக் கேட்கிறார் என்பதும் முன்கூட்டியே தெரிய வேண்டும்.

## ஒரே பார்வையில்

இங்கே ஒப்பிடுவது நான்கு வகை மெஷின். ஒவ்வொன்றும் எப்படி ஓடுகிறது என்பது கீழே வருகிறது.

| | சர்வோ ஹைட்ராலிக் | ரெசனன்ஸ் | ரொட்டேட்டிங் பெண்டிங் | அல்ட்ராசோனிக் |
|---|---|---|---|---|
| கணக்குக்கு எடுத்த வேகம் | 20 ஹெர்ட்ஸ் | 100 ஹெர்ட்ஸ் | 50 ஹெர்ட்ஸ் | 20,000 ஹெர்ட்ஸ் |
| 1 கோடி சுற்றுக்கு | 5.8 நாள் | 28 மணி | 2.3 நாள் | 8 நிமிடம் |
| 100 கோடி சுற்றுக்கு | 579 நாள் | 116 நாள் | 231 நாள் | 14 மணி. இடைவெளி விட்டு ஓட்டினால் 2 நாள் வரை |
| ஆர் விகிதம் | எதுவும் | எதுவும் | மைனஸ் 1 மட்டும் | இயல்பில் மைனஸ் 1; மற்றதற்குக் கூடுதல் அமைப்பு |
| ஒழுங்கற்ற சுமை | முடியும் | முடியாது | முடியாது | முடியாது |
| முழுப் பாகத்தைச் சோதிக்க | முடியும் | விறைப்பான பாகம் என்றால் | முடியாது | முடியாது |
| விரிசல் வளர்ச்சி | நன்றாக முடியும் | மிக நன்றாக, குறிப்பாக மெதுவான பகுதியில் | முடியாது | முடியும், ஆனால் கடினம் |
| மறைந்திருக்கும் செலவு | மின்சாரம், எண்ணெய், குளிரூட்டல் | நேர்கோட்டில் பிடிப்பது, பிடிப்பான்கள் | நிறைய ஸ்பெசிமன் | ஸ்பெசிமன் வடிவமைப்பு, சூடு, ஒப்பீட்டுச் சோதனை |

நேரம் மட்டும் பார்த்தால் கடைசி நெடுவரிசை ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும். மீதி வரிசைகளையும் படித்துவிட்டு வாருங்கள்.

## சர்வோ ஹைட்ராலிக்

எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் மெஷின். நிஜமான கெட்டிக்காரன் இதுதான், எந்த அலைவடிவம் கேட்டாலும் கொடுக்கும். சைன், முக்கோணம், நடுவில் பத்து நிமிடம் சுமையைப் பிடித்து வைப்பது, ரோட்டில் பதிவு செய்த சுமையை அப்படியே திரும்ப ஓட்டுவது, எல்லாமே முடியும். திரிபை, அதாவது பொருள் நீளும் அளவைக் கட்டுப்படுத்தி ஓட்டும் குறைசுற்றுச் சோதனையும் இதில்தான். கல்பாக்கத்தில் அதிவேக ஈனுலைக்கான எஃகுகளைச் சோதிக்கும்போது 500 டிகிரிக்கு மேல் சுமையைப் பிடித்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த மாதிரி வேலைக்கு வேகம் கூடாது, இந்த மெஷின் வேண்டும்.

கடலில் நிற்கும் கட்டமைப்பும் அப்படித்தான். 1980 மார்ச் 27 அன்று வடகடலில் அலெக்ஸாண்டர் கீலாண்ட் மிதவை மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்ததற்குக் காரணம், ஒரு தாங்கு குழாயில் சிறிய கருவியைப் பொருத்த வைத்த வெல்டிங்கிலிருந்து வளர்ந்த விரிசல். கடல் அலை ஐந்து, பத்து நொடிக்கு ஒரு முறை வருவது. அந்த வேகத்திலேயே, 0.2 ஹெர்ட்ஸில், உப்புத் தண்ணீரில் 1 கோடி சுற்று ஓட்டினால் 579 நாள் ஆகும். யாருக்கும் பிடிக்காத எண்தான், ஆனால் அதை 100 ஹெர்ட்ஸில் ஓட்டிச் சுருக்கினால் வருவது கடல் பார்த்த எஃகு ஆகாது. அதனால்தான் இப்படிப்பட்ட இடத்தில் சுற்றைக் குறைத்து, விரிசல் வளரும் வேகத்தை அளந்து, ஆயுளைக் கணக்கிடுகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு மின்சாரம். பம்ப் மோட்டார் சராசரியாக 15 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 ஹெர்ட்ஸில் 1 கோடி சுற்று 139 மணி நேரம், சுமார் 2,085 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் ஒரே ஒரு உடையாத ஸ்பெசிமனுக்கு 16,700 ரூபாய் மின்சாரம். அதற்கு மேல் எண்ணெயைக் குளிர்விக்கும் தண்ணீர், ஃபில்டர், சர்வோ வால்வு பழுது எல்லாம் வரும். பம்ப் சத்தத்துக்குத் தனி அறை வேண்டும். கரண்ட் போனால் டெஸ்ட் பாதியில் நிற்கும், திரும்ப ஆரம்பிக்கும்போது அதிகச் சுமை போய்விடாமல் பார்க்க வேண்டும்.

எப்போது சரி: சுமை ஒழுங்கற்றது, முழு அசெம்பிளியைச் சோதிக்க வேண்டும், சூடோ அரிப்போ உண்டு, அல்லது ஆயுள் பத்து லட்சம் சுற்றுக்குள் முடிகிறது. இதில் எதுவும் உங்களுக்குப் பொருந்தவில்லை என்றால், நிறையச் சுற்று ஓட்டுவதற்காக மட்டும் இதை வாங்காதீர்கள்.

## ரெசனன்ஸ் மெஷின்

எனக்கு மிகவும் பிடித்தது இது, அதனால் என் சாய்வையும் சேர்த்துப் படியுங்கள்.

ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் சின்னத் தள்ளலிலேயே உயரம் போகும். அதே மாதிரி, ஸ்பெசிமனையே ஸ்பிரிங்காக வைத்து, மேலே எடை வைத்து, அந்த அமைப்பின் இயல்பான அதிர்வெண்ணில் மின்காந்தத்தால் தட்டிக்கொண்டே இருக்கிறது. உராய்வில் இழக்கும் ஆற்றலை மட்டும் ஈடு செய்தால் போதும் என்பதால் ஹைட்ராலிக் பம்ப் இழுப்பதில் சிறு பங்கு கரண்ட்தான் போகும். வழக்கமாக 40இலிருந்து 300 ஹெர்ட்ஸ் வரை. எண்ணெய் கிடையாது, ராத்திரி பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இதன் பெரிய நன்மை வேறு ஒன்று. விரிசல் விழுந்தால் ஸ்பெசிமனின் விறைப்பு குறையும், அப்போது அதிர்வெண்ணும் இறங்கும். அந்த இறக்கத்தைப் பார்த்து, ஒரு ஹெர்ட்ஸ் இறங்கினால் நில் என்று சொல்லி வைத்தால், இரண்டு துண்டாகப் போகும் முன் மெஷின் நின்றுவிடும். விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்க்க இதைவிட நல்ல ஸ்பெசிமன் கிடைக்காது.

கணக்கும் சாதகமாக வருகிறது. ஒரு ஸ்பெசிமன் உடைந்தால் அடுத்ததற்குச் சுமையைக் குறைத்து, உடையாவிட்டால் கூட்டிப் போவது படிக்கட்டு முறை. ஐஎஸ்ஓ 12107 தரநிலை சொல்லும் அந்த முறையில் உத்தேச மதிப்புக்கே குறைந்தது 15 ஸ்பெசிமன் வேண்டும், நம்பகமான மதிப்புக்கு 30. பதினைந்தில் எட்டு உடையாமல் 1 கோடி வரை ஓடுகிறது என்று வையுங்கள். 20 ஹெர்ட்ஸில் அந்த எட்டுக்கு மட்டும் 46 நாள். 100 ஹெர்ட்ஸில் ஒன்பது நாளில் முடிந்துவிடும்.

குறைகளும் உண்டு. சைன் அலை மட்டும்தான் கொடுக்கும், நிலையான சுமையை மேலே சேர்க்கலாம், படிப்படியாகச் சுமை மாற்றலாம், ஆனால் சுற்றுக்குச் சுற்று மாறும் சுமை முடியாது. முழு வீச்சுக்கு வருவதற்குள் சில நூறு, ஆயிரம் சுற்று போய்விடும் என்பதால் குறைந்த ஆயுள் சோதனைக்குப் பயன்படாது. ரப்பர் புஷ் உள்ள பாகம், துவளும் பாகம் ஆகியவை ரெசனன்ஸுக்கே வராமல் அடம் பிடிக்கும். ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் எஃகு அதிகத் தகைவில் 100 ஹெர்ட்ஸிலேயே சூடாகும், தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) ஒட்டாமல் ஓட்டாதீர்கள்.

மிக முக்கியமான மறைசெலவு, நேர்கோட்டில் பிடிப்பது. ஒரு ஆய்வகத்தில் நான் வேலை செய்தபோது ஒரே கம்பியில் எடுத்த ஸ்பெசிமன்கள் பாதி நன்றாகவும் பாதி மோசமாகவும் வந்துகொண்டிருந்தன. பொருளைச் சந்தேகித்தோம், வெட்டிய ஆளைச் சந்தேகித்தோம், ஒரு மாதம் போனது. கடைசியில் ஸ்பெசிமனைச் சுற்றி நான்கு ஸ்ட்ரெயின் கேஜ் (நீட்சியை அளக்கும் சிறு பட்டை) ஒட்டிப் பார்த்தால், ஒரு பக்கத்தில் இழுப்பு மற்ற பக்கத்தைவிடக் கணிசமாகக் கூடுதல். பிடிப்பான் லேசாகக் கோணலாக இருந்திருக்கிறது. கேஜ் ஒட்டிய ஒரு ஸ்பெசிமனை எப்போதும் அலமாரியில் வைத்திருங்கள், பிடிப்பானைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அதைப் போட்டுப் பாருங்கள்.

எப்போது சரி: 1 கோடியிலிருந்து 10 கோடி சுற்று வரை, சீரான சுமை, எந்த ஆர் விகிதமும். கனெக்டிங் ராட், போல்ட், வெல்டிங் இணைப்பு, வார்ப்பிலிருந்து வெட்டிய ஸ்பெசிமன். தமிழ்நாட்டில் வண்டிப் பாகம் செய்யும் சிறிய, நடுத்தர கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்கு இது போதும் என்பது என் கருத்து.

## ரொட்டேட்டிங் பெண்டிங்

பழையது என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1842இல் வெர்சாய் அருகே ரயில் எஞ்சின் அச்சு உடைந்து பெரும் உயிரிழப்பு ஏற்பட்டது. அதன் பிறகு அச்சுகள் ஏன் உடைகின்றன என்று பலர் தேட ஆரம்பித்தார்கள். பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர், சுழலும் அச்சை வளைத்து வளைத்துச் சோதித்து இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டார். இன்று இருக்கும் மெஷினும் அதே யோசனைதான்: உருளையான ஸ்பெசிமனில் எடை தொங்கும், மோட்டார் சுற்றும், ஒரு சுழற்சிக்கு மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முறை இழுபட்டு ஒரு முறை அமுங்கும்.

சுமையைக் கொடுப்பது தொங்கும் எடை என்பதால் கரண்ட் ஏறி இறங்கினாலும் சுமை மாறாது. விலை குறைவு. ஒன்றுக்குப் பதில் நான்கு வாங்கிப் போடலாம். ஜப்பானில் ஒரே மோட்டாரில் நான்கு ஸ்பெசிமன் சுற்றும் மெஷினை வைத்து 52.5 ஹெர்ட்ஸில் 100 கோடி சுற்று வரை பொறுமையாக ஓட்டியிருக்கிறார்கள். பேரிங் எஃகில் மீன்கண் முறிவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு நல்ல பங்கு அப்படி வந்ததுதான்.

ஆனால் வளைவில் அதிகத் தகைவு மேற்பரப்பில் மட்டும்தான், நடுவில் பூஜ்யம். உள்ளே கிடக்கும் பெரிய கசடைச் சோதனை தொடவே தொடாமல் போகலாம், அதனால் இழுத்து அமுக்கும் சோதனையைவிடக் கூடுதல் வலிமை காட்டும். ஆர் விகிதம் மைனஸ் 1ஐ விட்டு நகராது. விரிசல் வளர்ச்சி அளக்க முடியாது. ஸ்பெசிமன் சற்றே கோணலாக இருந்தாலும் ஆடும், எனவே கிரைண்டிங், பாலிஷ் கூலி மெஷின் விலையைத் தாண்டிப் போவதுண்டு.

எப்போது சரி: இரண்டு சப்ளையரின் கம்பியை ஒப்பிட, நைட்ரைடிங் செய்ததையும் செய்யாததையும் ஒப்பிட, ஷாட் பீனிங் பலன் பார்க்க, சுழலும் அச்சு செய்பவர்களுக்கு. அதாவது ஒன்றுக்கொன்று எது மேல் என்ற கேள்விக்கு.

## அல்ட்ராசோனிக், 20 கிலோஹெர்ட்ஸ்

பீசோ மின்படிகம் நொடிக்கு இருபதாயிரம் முறை அதிர்கிறது, ஒரு கூம்பு வடிவ ஹார்ன் அந்த அதிர்வைப் பெருக்கி ஸ்பெசிமனுக்குக் கொடுக்கிறது. எஃகில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5,100 மீட்டர் போகும், 20 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 25 செ.மீ. சொச்சம். ஸ்பெசிமன் அதில் பாதி அலைக்குப் பொருந்த வேண்டும். முனைகள் ஆடும், நடுப்பகுதி ஆடாது, அந்த நடுப்பகுதியில்தான் தகைவு உச்சம். மறுமுனையை யாரும் பிடிப்பதுகூட இல்லை. 1950இல் மேசன் இந்த 20 கிலோஹெர்ட்ஸ் வழியைத் திறந்தார், பிரான்ஸில் பாத்தியாஸ் போன்றவர்கள் 100 கோடிச் சுற்றுச் சோதனையை ஒரு துறையாகவே வளர்த்தார்கள். தகைவையும் அது தாங்கும் சுற்றையும் குறித்து வரைந்தால், 1 கோடியில் கிடையாக நின்றுவிடும் என்று நம்பிய வரைகோடு பல கடின எஃகுகளில் அதற்கு அப்பாலும் இறங்குகிறது என்பதைக் காட்டியதில் இந்த மெஷினுக்குப் பெரிய பங்கு உண்டு. இது இல்லாமல் 45 கோடிச் சுற்று ஸ்பிரிங்கைப் பற்றி நியாயமான நேரத்தில் பேசவே முடியாது.

இனி அது கேட்கும் விலை. முதலில் சூடு. நான் முதன்முதலில் ஓட்டிய எஃகு ஸ்பெசிமனின் நடுவில் நீலம் பூத்திருந்தது. எஃகு நீலமாக 300 டிகிரி பக்கம் போயிருக்க வேண்டும். அந்த முடிவைத் தூக்கி எறிந்தோம். கம்ப்ரெஸ்டு ஏர் அடித்து, 200 மில்லிநொடி ஓட்டி 400 மில்லிநொடி நிறுத்தி, வெப்பநிலையைத் தொடர்ந்து பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

இரண்டாவது, தகைவை யாரும் அளப்பதில்லை. முனை எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து, நடுவில் தகைவு எவ்வளவு என்று கணக்கிடுகிறோம். பொருள் முழுக்க மீள்தன்மையோடு நடக்கிறது என்ற அனுமானம் அதில் இருக்கிறது. மென்மையான பொருளில் அந்த அனுமானம் பொய்த்துவிடும்.

மூன்றாவதுதான் ஆபத்தானது: அதிர்வெண்ணே முடிவை மாற்றுவது. குறைகார்பன் எஃகு வேகமாக இழுத்தால் கூடுதல் வலிமை காட்டும் ஜாதி, அதனால் 20 கிலோஹெர்ட்ஸில் சோர்வு (ஃபடீக்) வலிமையும் கூடுதலாக வரும். அலுமினியத்தில் காற்றில் இருக்கும் ஈரமே விரிசலை வேகப்படுத்துகிறது. 20 கிலோஹெர்ட்ஸில் அந்த ஈரம் விரிசல் நுனிக்கு வந்து சேர நேரமே கிடைப்பதில்லை, எனவே ஆயுள் நீண்டு தெரியும். இரண்டு பிழையும் ஒரே பக்கம் போகின்றன: பாகம் உண்மையில் இருப்பதைவிடப் பலமானது என்று ரிப்போர்ட் சொல்லும். கடின எஃகில் விரிசல் உள்ளே, காற்று படாத இடத்தில் தொடங்குவதால் இந்தப் பிரச்சினை குறைவு. அல்ட்ராசோனிக்கை நான் கடின எஃகுக்குத் தயங்காமல் சொல்வதும், அலுமினியத்துக்கும் மென் எஃகுக்கும் தயங்குவதும் இதனால்தான்.

நான்காவது அளவு. நடுவில் 3 மி.மீ. தடிமன் என்றால் அந்தச் சின்னப் பருமனுக்குள் பெரிய கசடு மாட்டும் வாய்ப்பு குறைவு. முராகாமியின் சூத்திரப்படி, கசடின் பரப்பளவுக்கு வர்க்கமூலம் எடுத்து அதை அளவாக வைத்தால், வலிமை அதன் ஆறாம் மூலத்துக்குத் தலைகீழாக மாறும். அந்த அளவு இரட்டித்தால் வலிமை 11 சதவீதம் குறையும். ஸ்பெசிமனில் மாட்டாத கசடு கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கம்பியில் எங்கோ இருக்கத்தான் செய்யும்.

எப்போது சரி: கடின எஃகு, 10 கோடிக்கு மேல் சுற்று, அரிப்போ சூடோ இல்லாத இடம். அப்போதும் ஆறு, எட்டு ஸ்பெசிமனையாவது ரெசனன்ஸ் மெஷினில் ஓட்டி, இரண்டு வரைகோடும் ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். அந்தச் செலவை மெஷின் விலையோடு சேர்த்தே பட்ஜெட்டில் எழுதுங்கள்.

## விரிசல் ஏற்கனவே இருந்தால்

இதுவரை பேசியது உடையும் வரை எத்தனை சுற்று என்பது. விரிசல் வளர்ச்சிச் சோதனை வேறு கேள்வி: இந்த அளவு விரிசல் இருக்கிறது, அடுத்த ஆய்வு வரை தாங்குமா? விரிசல் மிக மெதுவாகவும் இல்லாமல் மிக வேகமாகவும் இல்லாமல் வளரும் நடுப்பகுதியில், 1963இல் பாரிஸ், எர்டோகன் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன விதி நடக்கும். தகைவுச் செறிவு, அதாவது விரிசல் நுனியில் தகைவு குவியும் அளவு, ஒரு சுற்றில் எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அந்த வீச்சை ஏதோ ஒரு அடுக்குக்கு உயர்த்தினால், அதன் விகிதத்தில் வளர்ச்சி வேகம் இருக்கும். அந்த அடுக்கு 3 என்றால், சுமை 10 சதவீதம் கூடும்போது விரிசல் 33 சதவீதம் வேகமாக ஓடும். இந்தப் பகுதிக்கு சர்வோ ஹைட்ராலிக் 10, 20 ஹெர்ட்ஸில் தாராளமாகப் போதும், ஒரு வாரத்தில் பல ஸ்பெசிமன் முடித்துவிடலாம்.

சிக்கல் வாசல் மதிப்பில், அதாவது விரிசல் வளராமல் நிற்கும் எல்லையில். ஏஎஸ்டிஎம் இ647 தரநிலை அந்த எல்லையை ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வளர்ச்சி என்று வைக்கிறது. இரும்பில் அணுவுக்கு அணு உள்ள தூரத்தைவிட அது குறைவு. விரிசல் எல்லாச் சுற்றிலும் நகர்வதே இல்லை என்று அர்த்தம். அந்த வேகத்தில் 0.1 மி.மீ. வளர 10 லட்சம் சுற்று வேண்டும்: 10 ஹெர்ட்ஸில் 28 மணி, 100 ஹெர்ட்ஸில் 3 மணிக்கும் குறைவு, 20 கிலோஹெர்ட்ஸில் 50 நொடி. ரெசனன்ஸ் மெஷின் இங்கேதான் சம்பளத்துக்கு மேல் உழைக்கும். ஆரம்ப விரிசல் போடுவதும் அதில் சில மணி நேர வேலை.

அவசரம் கூடாத இடமும் இதுதான். சுமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும்போது, தரநிலை சொல்லும் எல்லை ஏறக்குறைய ஒரு மி.மீ. வளர்ச்சிக்கு 8 சதவீதம். அதைவிட வேகமாகக் குறைத்தால், முந்தைய பெரிய சுமை நசுக்கிய பகுதியில் விரிசல் மாட்டிக்கொண்டு நின்றுவிடும், நீங்கள் அதை வாசல் மதிப்பு என்று எழுதிவிடுவீர்கள். அந்த எண் உண்மையைவிட உயரமாக இருக்கும், ஆபத்தான பக்கம்.

ஆர் விகிதமும் பெரிய வேலை செய்யும். 0.1இல் விரிசலின் இரு முகங்களும் சுமை முழுதாக இறங்கும் முன்பே ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன, 1970 வாக்கில் எல்பர் கண்டு சொன்ன விரிசல் மூடல் இது. அதனால் வாசல் மதிப்பு உயர்ந்து தெரியும். வெல்டிங்கில் எஞ்சிய இழுதகைவு விரிசலைத் திறந்தே வைத்திருக்கும், அங்கே 0.1இல் எடுத்த மதிப்பு பயன்படாது, 0.7 மாதிரி உயர்ந்த விகிதத்தில் எடுங்கள். வேகம் கூடும்போது விரிசல் நீளத்தை அளக்கும் முறையும் மாற வேண்டும். விரிசலின் வாய்ப்பக்கம் மாட்டும் கிளிப் கேஜ் 100 ஹெர்ட்ஸுக்கு மேல் தடுமாறும், மின்னழுத்த வீழ்ச்சி முறைக்கோ ஒட்டும் ஃபாயில் கேஜுக்கோ போக வேண்டும். மின்னழுத்த முறையில் ஒயரை வெல்டு செய்த இடம் அதிர்வில் அறுந்துவிடும், அங்கே கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

## மூவருக்கும் நான் சொன்னது

கோயம்புத்தூர்காரருக்கு: அல்ட்ராசோனிக் வேண்டாம், அலுமினியம். வருடத்துக்கு இரண்டு, மூன்று தொகுதிதான் டெஸ்ட் என்றால் ரெசனன்ஸ் மெஷின் இருக்கும் ஆய்வகத்தில் கொடுங்கள், மாதம் ஒரு தொகுதி என்றால் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். எங்கே கொடுத்தாலும் தனியாக ஊற்றிய டெஸ்ட் பாரில் ஸ்பெசிமன் எடுக்காதீர்கள், பிராக்கெட்டிலிருந்தே வெட்டுங்கள். அலுமினிய வார்ப்பில் விரிசல் தொடங்குவது காற்றுக் குழியிலும் ஆக்ஸைடு படலத்திலும்தான், பாகத்தின் தடித்த மூலையில் அவை இருக்கும் விதம் வேறு, டெஸ்ட் பார் அதைக் காட்டாது. அலுமினியத்துக்கு எஃகு மாதிரி தெளிவான சோர்வு வரம்பு (அதற்குக் கீழே உடையாது என்று கொள்ளும் தகைவு) கிடையாது, அதனால் மூன்று ஸ்பெசிமனையாவது 10 கோடி வரை விடுங்கள். 100 ஹெர்ட்ஸில் ஒன்றுக்குப் பன்னிரண்டு நாள்.

ஸ்பிரிங் கம்பெனிப் பெண்ணுக்கு: மெஷின் தேடும் முன் உடைந்து வந்த ஸ்பிரிங்கின் முகத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னேன். பார்த்தார், மேற்பரப்பிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கசடு, சுற்றிலும் மீன்கண். இனி கேள்வியே இல்லை, அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும், ஆனால் மெஷின் வாங்காமல் அது இருக்கும் ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யுங்கள், கூடவே கம்பி சப்ளையரிடம் கசடு அளவுக்கு ஒரு உச்சவரம்பு எழுதி வாங்குங்கள். ஸ்பிரிங் கம்பி முறுக்கில் வேலை செய்வது, இழுத்து அமுக்கும் சோதனை எண்ணை நேராக அதற்குப் பயன்படுத்த முடியாது என்பதையும் சொன்னேன்.

மாணவருக்குச் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. கட்டுமான எஃகு, வெல்டிங், எஞ்சிய தகைவு, திறந்தவெளியில் நிற்கப்போகும் இணைப்பு: அல்ட்ராசோனிக்குக்கு ஒத்துவராத எல்லாம் ஒரே ஆய்வில் கூடியிருக்கின்றன. நிதி வேறு மெஷினுக்கு மாற்ற முடியாது என்றால் 20 கிலோஹெர்ட்ஸில் வரும் வாசல் மதிப்பை ஆய்வின் ஒரு அத்தியாயமாக வையுங்கள், ஆயுள் கணக்குக்கு ரெசனன்ஸ் மெஷினில், 0.7 ஆர் விகிதத்தில் எடுத்த மதிப்பை வையுங்கள், இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏன் வந்தது என்பதையே கேள்வியாக எடுங்கள் என்றேன். பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஒரு பழைய ரெசனன்ஸ் மெஷின் சும்மா கிடக்கிறது. அதன் பிடிப்பானை நேர் செய்து பார்க்க, அலமாரியில் இருக்கும் கேஜ் ஒட்டிய ஸ்பெசிமனை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் இருவரும் போகிறோம்.